நிழலுக்குப் போட்ட சீட்டு

செங்கேணிக்குச் சீட்டு என்றாலே ஆகாது. சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை, சீட்டுக்கட்டைக் கண்ணால் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பதினெட்டு வருஷம் ஒரு சீட்டாட்டக்காரனோடு குடித்தனம் பண்ணினவளுக்கு வேறெப்படி இருக்கும்? அப்படிப்பட்டவள் கையில் ஒரு கட்டைக் கொடுத்து, நீயே கலைத்துப் போடு என்று முப்பது பெண்கள் சேர்ந்து சொன்னார்கள். கூத்தைப் பாருங்கள்.

நடந்தது இதுதான். சாலவாக்கம் பக்கத்தில் ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர்வாரும் நூறு நாள் வேலை. செங்கேணியையும் சேர்த்து முப்பத்திரண்டு பெண்கள். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. இரண்டிலும் முகம் விழுந்தால்தான் கூலி. நடுவில் மண்ணை வெட்டி, கூடையில் வாரி, கரைமேல் ஏற்றிக் கொட்ட வேண்டும். அத்தனை பேரில் ஒருத்திக்கு மட்டும் மண் வேலை கிடையாது. கரையில் நிற்கும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைகள் இரண்டு மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சோற்றுப் பைகளில் ஆடு வாய் வைக்காமல் விரட்ட வேண்டும். அதற்கும் அதே கூலிதான். நிழல் வேலை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

முதலில் முறை வைத்துத்தான் உட்கார்ந்தார்கள். முறை வந்தவள் அன்றைக்கு வரமாட்டாள், மறுநாள் வந்து நேற்றைய முறையைக் கேட்பாள், அதற்கு அடுத்தவள் குடுமியைப் பிடிக்காத குறையாகச் சண்டைக்கு வருவாள். பேஜார் தாங்காமல், வேலையை மேற்பார்க்கும் பொறுப்பாளர் மோகன்குமார் ஒரு நாள் சீட்டுக்கட்டோடு வந்தான். டிகிரி படித்த பையன், அவனுக்குத் தோன்றிய யோசனை அது. முப்பத்தொரு சீட்டு, கூட ஒரு ஜோக்கர். ஆளுக்கு ஒன்று கவிழ்த்துப் போட வேண்டியது, கோமாளி பொம்மை யாருக்கு வருகிறதோ அவளுக்கு அன்றைக்கு நிழல்.

"அப்ப செங்கேணிதான் போடணும். பெருமாளு பொண்டாட்டிக்குத் தெரியாத சீட்டா?" என்று ஒருத்தி சிரித்தாள். செங்கேணிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் கலைத்தால் பாதிச் சீட்டு மண்ணில் விழுந்தது. அவள் கையில் மட்டும் கட்டு சொன்னபடி கேட்டது.

கேட்காமல் எப்படி இருக்கும்? செத்துப்போன அவள் புருஷன் பெருமாள் ரம்மியில் கைவேலை காட்டுகிறவன். ஊர் ஊராகத் தோப்புகளில் ஆடப் போவதற்கு முன்னால் வீட்டில் அவளை எதிரில் உட்கார வைத்துப் பழகுவான். "என் கையவே பாரு. எங்க திருடறேன்னு கண்டுபுடிச்சா சொல்லு" என்பான். சொல்லுவாள். சொன்ன இடத்தைத் திருத்திக்கொண்டு மறுபடியும் போடுவான். சீட்டின் ஓரத்தில் நகத்தால் கீறி வைப்பது, மேலே இருப்பதை மட்டும் கலைத்து அடியில் இருப்பதை அப்படியே காப்பது, மேல் சீட்டைப் போடுவது போலக் கை போய் மோதிரவிரலால் அடிச்சீட்டை உருவிப் போடுவது, எல்லாம் அவள் கண் முன்னால் தேறியவை. கடைசியில் ஒரு தோப்பில் மாட்டிக்கொண்டான். மூன்று விரலை ஒடித்து அனுப்பினார்கள். அந்தக் கையோடு குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தான். அவன் பிழைப்புக்கு ஆகாத வித்தை அவள் விரலில் வந்து ஒட்டிக்கொண்டது. அவளாக ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

பரிமளா வரும்வரைக்கும்.

பரிமளாவுக்கு இருபத்தெட்டு வயசு. ஒரு நாள் கூடையோடு கரை ஏறினவள், கூடையைப் போட்டுவிட்டுக் கருவேல மறைவுக்கு ஓடினாள். பின்னாலேயே போன செங்கேணி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவளைப் பார்த்தாள். கர்ப்பப்பையை எடுத்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் இவள் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது.

"அடிப்பாவி, மோகன்குமார் கிட்ட சொன்னா உனக்கே தெனம் நெழல் குடுத்துடுவாங்களே."

"வாணாக்கா. இந்த வயசுல இது போயிடுச்சுன்னு ஊரு பேசும். எங்கம்மா வூட்ல இருந்து பண்ணிக்கினு வந்தேன், எங்க மாமியா காதுல வுழுந்தா அவ்ளோதான். யாருகிட்டயும் சொல்லாத, என் தலமேல சத்தியம் பண்ணு."

செங்கேணி சத்தியம் பண்ணினாள். மறுநாள் காலையில் பெண்கள் கரையில் வரிசையாக உட்கார, கட்டைக் கலைத்தாள். ஜோக்கரை அடியில் நிறுத்தி, மேலே இருந்ததை மட்டும் கலைத்தாள். கலைத்த கட்டைப் பாதியில் வெட்டி, மேல்கீழ் மாற்றித் தரும் வழக்கமெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ரம்மி ஆடுகிறவன் எவனும் வெட்டாத கட்டில் கை வைக்கமாட்டான். பரிமளாவின் முறை வந்தபோது மோதிரவிரல் தானாக நீண்டது. பொம்மை அவள் மடியில் விழுந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தினமும் பரிமளாவுக்கே போட்டால் சந்தேகம் வருமல்லவா? நடுநடுவில் மற்றவர்களுக்கும் போட வேண்டியிருந்தது. போடுவதென்று ஆனபிறகு யாருக்குப் போடுவது? ராத்திரியெல்லாம் பிள்ளைக்கு ஜுரம் என்று கண் சிவந்து வந்தவளுக்கு ஒரு நாள். புருஷன் அடித்து முதுகு வீங்கினவளுக்கு ஒரு நாள். காலையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இன்றைக்கு இவள்தான் என்று முடிவு பண்ணுவாள். நிஜத்தைச் சொல்ல வேண்டுமே, அதில் அவளுக்கு ஒரு மிதப்பும் வந்துவிட்டது. பெருமாள் கெடுத்த வித்தையை நான் நல்லதுக்குத் திருப்பினேன் பார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். நாலு மாசத்தில் வேலை நடந்த அறுபது நாளும் அவள் நினைத்தவளுக்குத்தான் நிழல் கிடைத்தது.

அந்த அறுபது நாளில் ஒரு நாளும் அவள் நினைப்பில் வராதவள் சோபியா.

வரமாட்டாள்தான். சோபியாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு, நல்ல ஆகிருதி. ஆம்பளை மாதிரி மண்வெட்டி போடுவாள், வாய் ஓயாமல் பாடுவாள், அவள் பக்கத்தில் நின்று வேலை செய்தால் நேரம் போவதே தெரியாது. சீட்டு விழுந்ததும் மற்றவர்கள் படக்கென்று திருப்பிப் பார்ப்பார்கள். சோபியா மட்டும் அதை நெஞ்சோடு வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிவிட்டுத்தான் திருப்புவாள். பொம்மை இருக்காது. "சரி, நாளைக்குப் பாப்போம்" என்று கூடையை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு நாள் வலது காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, கலெக்டராட்டம் சாக்ஸு?" என்று கேலி பண்ணினாள் செங்கேணி.

"ஸ்டைலுமே, ஸ்டைலு!" என்றாள் சோபியா. எல்லோரும் சிரித்தார்கள். செங்கேணியும்தான் சிரித்தாள்.

சாக்சுக்குள் புண் இருந்தது. சர்க்கரை உடம்பு, முள் குத்தியது ஆறவில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் சோபியா கூடையோடு மண்ணில் சாய்ந்தாள். சாக்ஸைக் கழற்றினபோது பக்கத்தில் யாராலும் நிற்க முடியவில்லை. செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்து, மீதிக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

சோபியா வீடு திரும்பியதும் செங்கேணி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துச் சோபியா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

"கால்ல புண்ணு, வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. நாங்க இன்னா அன்னியமா?" என்றாள் செங்கேணி.

"யாருகிட்ட சொல்லணுமோ அவருகிட்ட சொல்லிக்கினுதான் இருந்தேன்" என்றாள் சோபியா. "ஆண்டவரே, இன்னிக்கு ஒரு நாளு அந்தப் பொம்ம சீட்ட எனக்குக் குடு, காலுக்கு ஒரு நாளு ரெஸ்ட்டு குடுன்னு தெனம் கேட்டேன். அறுபது நாளு கேட்டேன்மே. ஊருக்கெல்லாம் குடுத்தாரு. எனக்கு ஒரு நாளு குடுக்கல. அவருக்கு என்மேல இன்னா கோவமோ. நான் சபைக்குப் போறத வுட்டுட்டேன்."

 உரித்த பழம் செங்கேணியின் கையிலேயே இருந்தது. அவர் இல்லைக்கா, நான் என்று சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் ஊரில் என்ன பேர் வரும்? புருஷன் சீட்டுத் திருடன், பொண்டாட்டி அவனுக்கு மேல் என்பார்கள். பரிமளா விஷயமும் வெளியில் வரும். அப்புறம் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். அவள் திரும்பி வரட்டும், வருகிற நாளெல்லாம் பொம்மையை அவளுக்கே போடுகிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பாருங்கள், திருட்டைச் சரிபண்ணவும் அவளுக்குத் திருட்டுத்தான் தோன்றியது.

ஆறு வாரம் கழித்துச் சோபியா வந்தாள். மகளின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து, கோலை ஊன்றிக்கொண்டு கரை ஏறினாள். பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னிக்குச் சீட்டே வாணாம். சோபியாக்கா நெழல்ல குந்தட்டும்" என்றாள் பரிமளா. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மோகன்குமாரும் தலையாட்டினான்.

"வாணாம்" என்றாள் சோபியா. குரலில் ஒரு பிடிவாதம். "நீங்க குடுக்கறது வேற. எனக்கு அவரு குடுக்கணும். சீட்டு போடு செங்கேணி. குடுக்கறாரா இல்லியான்னு நான் பாக்கணும். இன்னிக்கும் இல்லன்னா, அவரு வழி அவருக்கு, என் வழி எனக்கு."

 செங்கேணி கட்டைக் கலைத்தாள்.   பெருமாள் சொல்லுவான், கை நடுங்கினால் திருடாதே என்று. சோபியா வரிசையில் ஏழாவதாக உட்கார்ந்திருந்தாள். ஆறு பேருக்கு மேலிருந்து போட்டாள். ஏழாவதுக்கு அடியிலிருந்து உருவினாள்.

சோபியா சீட்டை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. திருப்பினாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. சுற்றியிருந்தவர்கள் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். இத்தோடு முடிந்தது என்று செங்கேணிக்கு மூச்சு திரும்பி வந்தது. பாக்கிச் சீட்டுகளைப் போடக் கையை நீட்டினாள்.

"மன்னிச்சிட்டாருமே" என்றாள் சோபியா, பொம்மையை முத்தம் கொடுத்துவிட்டு. "இன்னா பாவம் பண்ணேன், இன்னா பாவம் பண்ணேன்னு படுத்த படுக்கையா யோசிச்சேன். எங்கம்மாவக் கடைசி காலத்துல சரியாப் பாத்துக்கல நானு. அதுக்குத்தான் ரெண்டு வெரல எடுத்துக்கினாரு. இப்பத்தான் அவரு கோவம் தீந்துது."

செங்கேணியின் கை அப்படியே நின்றது. சோபியாவின் அம்மா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்ததும், இவள் வேலைக்கு நடுவில் ஓடிப்போய் மலமூத்திரம் அள்ளிவிட்டு ஓடி வந்ததும் அந்தக் கரையில் யாருக்குத் தெரியாது? செய்யாத பாவத்தை இந்தப் பொம்பளை தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சந்தோஷமாக அழுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கச் செங்கேணியால் ஆகவில்லை.

"அவரு இல்லக்கா!" என்று கத்தியேவிட்டாள். "நாந்தான்! இப்பப் போட்டதும் நாந்தான். அப்ப போடாததும் நாந்தான். அறுபது நாளும் நான் திருடித் திருடித்தான் போட்டேன்!"

முதலில் யாருக்கும் புரியவில்லை. "இன்னா சொல்ற?" என்று மோகன்குமார் எழுந்து வந்தான். செங்கேணி போட்ட சீட்டுகளைப் பிடுங்கி வாங்கினாள், சோபியா கையிலிருந்ததையும் வாங்கினாள். ஜோக்கரை எல்லோருக்கும் காட்டி அடியில் வைத்தாள். "பாத்துக்கோங்க, என் கையவே பாருங்க" என்று ஒவ்வொருத்தி முன்னாலும் போட்டுக்கொண்டு போனாள். "இங்க உருவுனா இவளுக்கு. இங்க உருவுனா இவளுக்கு." முப்பது ஜோடிக் கண்ணும் அவள் கையைப் பார்த்தன. ஒரு கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"உருவாம வுட்டா?" என்று கேட்டாள் சோபியா.

"உருவாம வுட்டா... கடசி வரைக்கும் அடியிலயே நிக்கும். போடறவளுக்குத்தான் கடசிச் சீட்டு. எனக்கு வந்துடும்."

அதற்குமேல் கரையில் ஒரே சத்தம். "அடி திருட்டு முண்ட, உன்ன நம்பித்தானே கட்டக் குடுத்தோம்!" என்று ஒருத்தி மண்ணை வாரி வீசினாள். "யாரு யாருக்குப் போட்ட? எவ இன்னா குடுத்தா உனக்கு?" என்று இன்னொருத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒருத்தியும் ஒண்ணும் குடுக்கல. யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க, என்னக் கொன்னுபோட்டாலும் சொல்லமாட்டேன்."

பரிமளா எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத்தான் போட்டாங்க" என்றாள். "எனக்கு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. நாந்தான் யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேன். அடிக்கடி எனக்கு வர்றப்ப அதிர்ஷ்டம்னு நெனச்சேன். நீ போட்டதுன்னு தெரிஞ்சிருந்தா சோபியாக்காவுக்குக் குடுத்திருப்பேன்கா." அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

சத்தம் நின்றது. வரிசையின் கோடியில் ஒருத்தி, "எனக்கும் எடுத்துதான் கீது. ரெண்டு வருசம் ஆவுது" என்றாள். யார் என்று எல்லோரும் திரும்புவதற்குள், "எனக்கு இந்தத் தோளு தூக்கவே வராது, இடது கையாலதான் வாரறேன்" என்றாள் வேறொருத்தி. "எனக்கு உதிரப்போக்கு" என்றாள் ஒருத்தி, தலையைக் குனிந்துகொண்டு.

மோகன்குமாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், அவனுக்கு இருபத்தாறு வயசு. "சரி, சரி, இனிமே சீட்டே வாணாம். யாருக்கெல்லாம் ஒடம்பு முடியலியோ கையத் தூக்குங்க. நான் எழுதிக்கறேன்" என்று நோட்டைப் பிரித்தான்.

ஒரு கை எழுந்தது. மூன்று எழுந்தன. அப்புறம் கரை முழுக்கக் கை. மோகன்குமார் பேனாவைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றான். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், கையைத் தூக்கியபடியே அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் மூக்கைச் சிந்தினார்கள்.

சோபியா சிரிக்கவில்லை. கோலை ஊன்றி எழுந்து, செங்கேணிக்கு எதிரில் வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் செங்கேணி நினைத்தாள். அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெஜமா நீதானா? அவரு இல்லியா?"

"நாந்தான்கா."

"நெஜமா?"

"எங்க புள்ளமேல சத்தியமா நாந்தான்."

சோபியா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "ஆறு வாரமா அவரு மூஞ்சிலயே முழிக்கல நானு" என்றாள். "இன்னா பேச்சு பேசிட்டேன் அவர. பாவம், அவரு இன்னா பண்ணுவாரு." பிறகு செங்கேணியின் முகத்தை நிமிர்த்தினாள். பிடி வலித்தது. "ரெண்டு வெரலு போச்சேடி. என்ன ஒரு நாளு ஒழுங்காப் பாத்திருந்தீன்னா போயிருக்காதுடி."

"ஆமாக்கா" என்றாள் செங்கேணி. வேறு என்ன சொல்வாள்? கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டியது.

"உன்ன மன்னிக்க எனக்கு நாளாவும்."

"ஆவட்டும்கா."

சோபியா அவளை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுற்றிலும் இன்னும் சிலர் கையை இறக்கவில்லை. சோபியாவின் பார்வை அந்தக் கைகள்மேல் ஒரு சுற்றுப் போய்விட்டு, செங்கேணி முன்னால் கோத்து வைத்திருந்த கைகளுக்கு வந்தது.

"உன் கை எங்க?"

"எனக்கு இன்னா கேடு? நல்லாத்தான் கீறேன்."

"கூடயத் தூக்குறப்ப ஒரு பக்கமா சாஞ்சி, பல்லக் கடிச்சிக்கினு நிப்பியே. எனக்குக் கண்ணு இல்லியா? அறுபது நாளு கட்டு உன் கையில இருந்துது. சும்மா வுட்டிருந்தா உனக்கு வந்திருக்கும். ஒரு நாளு வுட்டியா நீ?"

 விடலாம் என்று செங்கேணிக்குத் தோன்றியதே இல்லை. அத்தனை நாளும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், வரிசையில் கடைசியாகத் தானும் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. இடுப்பு மூன்று வருஷமாக வலிக்கிறது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமே சொன்னதில்லை.

"தூக்குடி கைய" என்றாள் சோபியா.

செங்கேணி தூக்கினாள்.